மலையகத்திலிருந்து சில்வர்ஸ்டோனுக்கு: ஃபார்முலா ஸ்டூடன்ட் காருக்கு எஞ்சின் தேடி, தயார் செய்து, ஏற்றி அனுப்புவது எப்படி

பேராதனையிலோ வேறு பல்கலைக்கழகத்திலோ பொறியியல் படித்துக்கொண்டு, ஒற்றை இருக்கைத் திறந்த சக்கரக் கார் ஒன்றைக் கட்டி, மாணவர் கட்டிய கார்களுக்காக இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன் ஓட்டப்பாதையில் நடக்கும் ஃபார்முலா ஸ்டூடன்ட் போட்டிக்குக் கொண்டுபோக நினைக்கும் மலையகத் தம்பி தங்கைகளுக்கு இது. சேஸி, சஸ்பென்ஷன் பற்றிப் படிக்க நிறைய இருக்கிறது. எஞ்சினை எங்கே வாங்குவது, விற்பவரிடம் என்ன தாள் கேட்பது, ஹட்டனில் அருமையாக ஓடிய எஞ்சின் கடல்மட்டத்துக்கு இறங்கியதும் ஏன் தடுமாறுகிறது என்பதையெல்லாம் நாங்கள் ஆள் ஆளாகக் கேட்டு அலைந்துதான் தெரிந்துகொண்டோம். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

போட்டி ஜூலையில். அதிலிருந்து பின்னோக்கி எண்ணி, குறைந்தது ஒரு வருடத்துக்கு முன் எஞ்சின் உங்கள் பட்டறை மேசையில் இருக்க வேண்டும். இதைவிடப் பிந்தினால் அடுத்த வருடத்தைப் பாருங்கள்.

1. விதிப் புத்தகத்தைப் படித்துவிட்டு எஞ்சினைத் தேர்ந்தெடுங்கள்

ரேஸ் காருக்கென்றே செய்த எஞ்சின் வேண்டும் என்று எல்லா அணியிலும் ஒருவர் ஆசைப்படுவார். ஃபார்முலா 4 கார்களில் வரும் 1.4 லீற்றர் டர்போவைப் பற்றி முதல் கூட்டத்திலேயே பேச்செடுப்பார். அப்படிப்பட்ட எஞ்சின்கள் முத்திரை வைத்து வருபவை. நீங்கள் திறந்து பார்க்கவே முடியாது. அதை விடுங்கள், கொள்ளளவிலேயே அவை அடிபட்டுப் போகும். ஃபார்முலா ஸ்டூடன்டில் எஞ்சின் ஃபோர் ஸ்ட்ரோக் பிஸ்டன் வகையாக, 710 சிசிக்கு மேற்படாமல் இருக்க வேண்டும். எஞ்சினுக்குள் போகும் காற்று முழுவதும் ஒரே ஒரு வட்டத் துளை வழியாகத்தான் போக வேண்டும். பெற்றோலுக்கு அந்தத் துளையின் விட்டம் 20 மில்லிமீற்றர், எத்தனோல் கலந்த ஈ85 எரிபொருளுக்கு 19 மில்லிமீற்றர். இதைத்தான் ரெஸ்ட்ரிக்டர் என்கிறோம்.

ஆகவே மிஞ்சுவது மோட்டார் சைக்கிள் எஞ்சின். கியர்பொக்ஸும் கிளச்சும் ஒரே கூட்டுக்குள் வந்துவிடுவதால் பெரிய செலவு ஒன்று குறைகிறது. இரண்டு வழி இருக்கிறது.

ஒன்று, ஹொண்டா சிபிஆர்600ஆர்ஆர், யமஹா ஆர்6 போன்ற 599 சிசி நான்கு சிலிண்டர் எஞ்சின். உலகம் முழுக்க அணிகள் பயன்படுத்தியிருப்பதால் தகவலுக்குப் பஞ்சம் இல்லை. எடை அறுபது கிலோ வாக்கில். மற்றது, கேடிஎம் 390 டியூக்கின் 373 சிசி ஒற்றைச் சிலிண்டர். எடை ஏறத்தாழ 36 கிலோ, வலு 43 குதிரைவலு அளவில். இந்தியாவில் சாக்கனில் உள்ள பஜாஜ் தொழிற்சாலையில் இது தயாரானதால் கேஸ்கட், பிஸ்டன், சென்சர் எல்லாம் சென்னையில் சொல்லி வைத்தால் வந்துவிடும்.

முடிவெடுக்க ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். 20 மில்லிமீற்றர் துளையில் காற்று ஒலியின் வேகத்தை எட்டியபின், எவ்வளவு உறிஞ்சினாலும் அதற்கு மேல் போகாது. கடல்மட்டத்தில் அந்த எல்லை நொடிக்கு ஏறத்தாழ 75 கிராம். 600 சிசி எஞ்சின் நிமிடத்துக்கு 14,000 சுற்றில் கேட்பது 80 கிராமுக்கு மேல். அதாவது மேல் சுற்றுகளுக்காக நீங்கள் கொடுத்த காசு அங்கேயே அடைபட்டுவிடும். 373 சிசி எஞ்சின் 9,000 சுற்றில் கேட்பது அதில் பாதிகூட இல்லை. 600ஐச் சரியாக டியூன் செய்தால் 80 குதிரைவலு வாக்கில் கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் முதல்முறை போகும் அணிக்கு நான் ஒற்றைச் சிலிண்டரைத்தான் சொல்வேன். ஒரு இன்ஜெக்டர், ஒரு கோயில், ஒரு எக்ஸோஸ்ட் குழாய். கெட்டுப்போகக் கூடியவை குறைவு. அதிர்வு அதிகம், போல்ட் எல்லாம் கழன்று வரும். போல்ட் மரையை ஒட்டிப் பிடிக்கும் லொக்டைட் பசை போட்டுக்கொள்ளுங்கள்.

2. காசுக் கணக்கை எஞ்சின் விலையில் தொடங்காதீர்கள்

அணிகள் அனுசரணை கேட்டுப் போகும்போது எஞ்சின் விலையை மட்டும் எழுதிக்கொண்டு போகின்றன. அந்த விலைக்குச் சமமான இன்னொரு தொகையை எஞ்சினைச் சுற்றியுள்ள சாமான்களுக்கு ஒதுக்குங்கள்: ஈசியு (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினிப் பெட்டி), வயரிங், வைட்பாண்ட் லம்டா சென்சர் (காற்றும் பெற்றோலும் எந்த விகிதத்தில் எரிகின்றன என்று புகையிலிருந்து காட்டுவது), பெற்றோல் பம்ப், ரேடியேட்டர், எண்ணெய்த் தொட்டி வேலை, இரண்டு செட் கேஸ்கட். எஞ்சின் வலுவை அளக்கும் டைனோ இயந்திரத்தின் வாடகையும், கண்டியிலிருந்து கொழும்புக்கு லொறிக் கூலியும் இதற்கு வெளியே. கப்பல் செலவு இன்னும் வெளியே.

வெளிநாட்டிலிருந்து வரும் எந்தச் சாமானுக்கும் வற் 18% உண்டு. அது பற்றுச்சீட்டில் இருக்கும் விலைக்கு மட்டும் என்று நினைத்துப் பலர் தவறான தொகையோடு சுங்கத்துக்குப் போகிறார்கள். கப்பல் கூலி, காப்புறுதி, மற்றத் தீர்வைகள் எல்லாம் சேர்ந்த தொகையின் மேல்தான் வற் கணக்கிடப்படும். இதோடு சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு வரி 2.5%. தீர்வை வீதங்கள் அடிக்கடி மாறுகின்றன; போன வருடம் இறக்கியவரின் கணக்கை நம்பாமல், உங்கள் சுங்க முகவரிடம் அந்த மாதத்துக் கணக்கை எழுத்தில் வாங்குங்கள்.

பல்கலைக்கழகக் கணக்கிலிருந்து காசு வருவதானால் மூன்று விலைமனு, பெறுகைக் குழு அனுமதி என்று நாள் இழுக்கும். பழைய எஞ்சினுக்கு மூன்று விலைமனு எடுப்பது எவ்வளவு கஷ்டம் என்பது அந்தப் படிவத்தை எழுதியவர்களுக்குத் தெரியாது. அனுசரணைக் காசில் எஞ்சினையும், பல்கலைக்கழகக் காசில் புதிதாகக் கடையில் கிடைக்கும் சாமான்களையும் வாங்குவது நடைமுறைக்கு ஒத்துவரும்.

3. உள்ளூரில் வாங்கினால்: பஞ்சிகாவத்தையும் விபத்துப் பைக்கும்

கொழும்பு பஞ்சிகாவத்தையில் தேடினால் ரீகண்டிஷன் எஞ்சின் கிடைக்கும். போகும் நாளில் சிங்களம் நன்றாகத் தெரிந்த ஒருவரும், எஞ்சின் தெரிந்த ஒருவரும் சேர்ந்து போங்கள். இரண்டும் ஒருவரே என்றால் அதிர்ஷ்டம். எஞ்சின் மட்டும் கழற்றி வைத்திருப்பதை வாங்காதீர்கள். இவ்வளவும் சேர்ந்து வர வேண்டும்:

– ஈசியு, முழு வயரிங், இக்னிஷன் சாவிக் கூடு, சாவி. ஹொண்டாவில் சாவியில் உள்ள சிப்பை ஈசியு அடையாளம் காணாவிட்டால் எஞ்சின் ஸ்டார்ட் ஆகாது.
– திராட்டில் பொடியும் இன்ஜெக்டரும்.
– ஸ்டேட்டர், ரெகுலேட்டர், ஸ்டார்ட்டர் மோட்டர்.
– கிராங்க் சென்சர், வெப்ப சென்சர், அவற்றின் பிளக் முனைகள். பிளக்கை வெட்டி எடுத்திருந்தால் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள், அதே பிளக் தேடுவது தனி வேலை.

எங்களுக்கு ஒரு கடையில் வயரிங்கை "பிறகு அனுப்புகிறோம்" என்றார்கள். வரவே இல்லை. கையில் வாங்காததற்குக் காசு கொடுக்காதீர்கள்.

முழு பைக்காக வாங்கிப் பிரிப்பது இன்னொரு வழி. விபத்தில் சேஸி வளைந்த பைக் மலிவாகக் கிடைக்கும். இங்கேதான் தாள் வேலை. வாகனப் பதிவுச் சான்றிதழில், அதாவது சீஆரில், எஞ்சின் எண்ணும் சேஸி எண்ணும் இருக்கும். இரண்டையும் இரும்பில் குத்தியிருப்பதோடு எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். லீசிங் முடியாத பைக் என்றால் முழு உரிமையாளர் இடத்தில் நிதி நிறுவனத்தின் பெயர் இருக்கும். அது நீங்காமல் தொட வேண்டாம். விற்பவரின் அடையாள அட்டைப் பிரதி, கையெழுத்திட்ட விற்பனைக் கடிதம், சீஆர் பிரதி மூன்றையும் ஒரு கோப்பில் போடுங்கள். எஞ்சினை வெளியே எடுத்தபின் அந்தப் பைக்கின் பதிவு என்னாகும் என்பதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கேட்டு முறையாக முடித்துக்கொள்ளுங்கள். எஞ்சின் எண்ணைப் பொலிஸிலும் ஒருமுறை சரிபார்த்துவிடுவது நல்லது. இந்தக் கோப்பு இல்லாமல் பத்தாவது படியில் எஞ்சின் நாட்டை விட்டு வெளியே போகாது.

கடைக்காரர் தரும் துண்டு பில் போதாது. எஞ்சின் எண் எழுதிய, முத்திரை குத்திய பில் கேளுங்கள். போட்டியில் செலவு அறிக்கை என்று ஒரு பகுதி உண்டு, அதற்கு 100 புள்ளி. அன்றைக்கு இந்தப் பில் கோப்பைத்தான் புரட்டுவீர்கள்.

4. வெளிநாட்டிலிருந்து இறக்கினால்

சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் முடிந்தால் இதைத் தவிர்க்கச் சொல்வேன். பழைய எஞ்சினை இறக்க உரிமம் தேவையா என்று காசு அனுப்பும் முன்பே இறக்குமதி ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுத் திணைக்களத்தில் எழுத்தில் கேட்டுப் பதில் வாங்குங்கள். ஸ்பார்க் பிளக்கால் எரியூட்டும் பிஸ்டன் எஞ்சின்கள் சுங்கக் குறியீட்டில் 8407 என்ற தலைப்பில் வரும். விற்பவரின் பற்றுச்சீட்டில் "உதிரிப்பாகம்" என்று பொதுவாக எழுதவிடாதீர்கள். எஞ்சின் எண், புதியதா பழையதா, எடை மூன்றும் இருக்க வேண்டும். வங்கி வழியே காசு அனுப்ப முன்கூட்டிய பற்றுச்சீட்டு, பிறகு சரக்குச் சீட்டு, பொதிப் பட்டியல், வரி அடையாள எண். பெட்டி துறைமுகத்தில் கிடக்கும் ஒவ்வொரு நாளுக்கும் தாமதக் கட்டணம் ஏறும்; புத்தாண்டு, வெசாக் விடுமுறைக்கு முந்திய வாரத்தில் வந்திறங்கும்படி ஏற்றவே வேண்டாம்.

5. பிரிக்கும் முன் சோதியுங்கள்

ஒயில் ஃபில்டரை வெட்டித் திறந்து மடிப்புகளில் உலோகத் துகள் இருக்கிறதா என்று பாருங்கள். வடிகால் போல்ட்டில் காந்தம் இருந்தால் அதையும் பாருங்கள். மாவு போன்ற கறுப்புப் பூச்சு பரவாயில்லை. பளபளக்கும் செதில் என்றால் பேரிங் போயிருக்கிறது. எல்லாக் கியரையும் கையால் சுற்றியபடி மாற்றிப் பாருங்கள்.

சிலிண்டருக்குள் எவ்வளவு அழுத்தம் ஏறுகிறது என்று பார்க்கும் கம்ப்ரஷன் சோதனையில் மலைநாட்டுக்கு மட்டும் உரிய ஒரு கண்ணி இருக்கிறது. கையேட்டில் கொடுத்திருக்கும் எண் கடல்மட்டத்துக்கு. நுவரெலியாவில் காற்றழுத்தமே ஐந்தில் ஒரு பங்கு குறைவு, ஆகவே நல்ல எஞ்சினும் குறைவாகத்தான் காட்டும். "கம்ப்ரஷன் இல்லை" என்று சொல்லிப் பிஸ்டன் றிங் மாற்றச் சொல்லும் மெக்கானிக்கின் பேச்சுக்கு உடனே தலையாட்ட வேண்டாம். லீக்டவுன் சோதனை செய்யச் சொல்லுங்கள். அது எத்தனை சதவீதம் கசிகிறது என்று காட்டுவதால் உயரம் அவ்வளவாகப் பாதிக்காது. 10 சதவீதத்துக்குள் என்றால் திறக்காதீர்கள். 20 தாண்டினால் பேரம் பேசுங்கள் அல்லது விட்டுவிடுங்கள்.

6. எண்ணெய்: எஞ்சினைக் கொல்வது இதுதான்

பைக் வளைவில் சாயும். அதனால் ஒயில் எப்போதும் தொட்டியின் அடியில், உறிஞ்சும் குழாயின் வாயிலேயே நிற்கும். கார் சாயாது. அதே எஞ்சினைக் காரில் வைத்து வேகமாக வளைத்தால், பஸ்ஸில் கினிகத்தேனை வளைவில் கையிலிருக்கும் வாளித் தண்ணீர் போல, ஒயில் ஒரு பக்கமாக ஏறிவிடும். உறிஞ்சும் குழாய் காற்றைக் குடிக்கும். சில நொடி போதும், கொனெக்டிங் ரொட் பேரிங் போய்விடும். நேர்ரோட்டில் எத்தனை நாள் ஓட்டிப் பார்த்தாலும் இது தெரியாது; வட்டமடிக்கும் ஸ்கிட்பேட் சோதனையில்தான் முதன்முதலாக வெளிப்படும்.

மூன்று தீர்வு உண்டு. மலிவானது, தொட்டிக்குள் தடுப்புத் தகடுகளும் ஒருவழிக் கதவுகளும் வைப்பது. இதை நல்ல அலுமினிய வெல்டர் செய்துவிடுவார். தேயிலை ஃபெக்டரிகளில் வேலை செய்து ஓய்வுபெற்ற ஃபிட்டர்மார் ஹட்டன், தலவாக்கலை பக்கம் இருக்கிறார்கள். வரைபடம் கொடுத்து, ஏன் செய்கிறோம் என்று விளக்கினால், நம் சி.ஏ.டி. படத்தில் இல்லாத திருத்தம் ஒன்றையும் சொல்லித் தருவார்கள். அவர்களை "ஐயா" என்று கூப்பிட்டு, கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள். இரண்டாவது, ஆடும் உறிஞ்சு குழாய். மூன்றாவது டிரை சம்ப்: தனித் தொட்டி, தனிப் பம்ப். எஞ்சினைத் தாழ்த்தி வைக்கலாம் என்பது இதன் கூடுதல் லாபம். விலையும் கசிவும் கூடும். முதல் வருடத்துக்குத் தடுப்புத் தகடு போதும்.

எதைச் செய்தாலும் ஒயில் அழுத்த சென்சர் ஒன்றைப் போட்டு, அழுத்தம் விழுந்தால் ஈசியுவே எஞ்சினை நிறுத்தும்படி அமையுங்கள். விளக்கு எரிந்தால் ஓட்டுநர் பார்த்து நிறுத்துவார் என்று எதிர்பார்க்காதீர்கள். ஓட்டுநர் விளக்கைப் பார்ப்பதில்லை.

குளிரூட்டிக்கு வெறும் தண்ணீர் மட்டும்தான் விதி அனுமதிக்கிறது. கூலன்ட், அன்டிஃப்ரீஸ் எதுவும் கூடாது. ஆகவே ஓட்டம் முடிந்ததும் வடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் உள்ளே அரிக்கும். ஒயிலுக்கும் தண்ணீருக்கும் தனித்தனிச் சேகரிப்புக் குப்பி, ஒவ்வொன்றும் குறைந்தது 0.9 லீற்றர்.

7. ரெஸ்ட்ரிக்டரும் காற்றுப் பாதையும்

டர்போ இல்லாத எஞ்சினுக்கு வரிசை இது: திராட்டில், அதன்பின் ரெஸ்ட்ரிக்டர், அதன்பின் எஞ்சின். ரெஸ்ட்ரிக்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் திராட்டில் இருக்கக் கூடாது. நான்கு சிலிண்டர் எடுத்தால் பைக்கோடு வந்த திராட்டில் பொடியில் உள்ள தகடுகளைக் கழற்றிவிட்டு இன்ஜெக்டர் தாங்கியாக மட்டும் பயன்படுத்தலாம். இதை அறியாமல் நேரே பூட்டிக்கொண்டு போனால், ஓட விடுவதற்கு முன் போட்டியில் நடக்கும் பரிசோதனையிலேயே நிற்பீர்கள்.

துளையை 20.00 என்று கடையாதீர்கள். பரிசோதகர் அளவுக் கோல் ஒன்றைச் செருகிப் பார்ப்பார். அது போய்விட்டால் கதை முடிந்தது. லேத்தில் 19.95 சொல்லுங்கள். இழக்கும் பரப்பு அரை சதவீதம்தான். துளைக்கு முன் சுருங்கி, பின் மெல்ல விரியும் வடிவம் வேண்டும். விரியும் பக்கத்தின் கோணம் அச்சிலிருந்து நாலைந்து பாகை. அவசரமாக விரித்தால் காற்று சுவரை விட்டுப் பிரிந்து அழுத்தம் மீளாது.

எல்லாம் பூட்டியபின் ஐடிலில் ஓடவிட்டு, காற்று வாயை ஒரு தட்டைப் பலகையால் மூடுங்கள். எஞ்சின் உடனே நிற்க வேண்டும். இழுத்துக்கொண்டே ஓடினால் எங்கோ கசிகிறது.

8. ஈசியுவும் உயரமும்

மலைநாட்டு அணிகள் மற்ற அணிகளைவிடக் கவனமாக இருக்க வேண்டிய இடம் இது. எண்களை முதலில் பாருங்கள். கடல்மட்டத்தில் காற்றழுத்தம் ஏறத்தாழ 101 கிலோபாஸ்கல். பேராதனையில் 96 வாக்கில். ஹட்டன் 1,270 மீற்றர் அளவில் இருக்கிறது, அங்கே 87. நுவரெலியா 1,868 மீற்றர், அங்கே 81. சில்வர்ஸ்டோன் 150 மீற்றர் வாக்கில்தான். கிட்டத்தட்ட கொழும்பு மாதிரி.

ஈசியுவில் பெற்றோல் அளவைக் கணக்கிட இரண்டு பொது வழி உண்டு. திராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதையும் சுற்றையும் வைத்துக் கணக்கிடுவது ஒன்று. இதை ஆல்ஃபா-என் என்பார்கள். இன்டேக் குழாயில் உள்ள அழுத்தத்தை அளந்து கணக்கிடுவது மற்றது, இது ஸ்பீட்-டென்சிட்டி. ஆல்ஃபா-என்னுக்கு உயரம் தெரியாது. லம்டா 1 என்றால் காற்றும் பெற்றோலும் சரிக்குச் சரி, குறைந்தால் பெற்றோல் அதிகம், கூடினால் காற்று அதிகம். நுவரெலியாவில் லம்டா 0.88 என்று அழகாக டியூன் செய்த எஞ்சினை, வளிமண்டல அழுத்தத் திருத்தம் இல்லாமல் அப்படியே சில்வர்ஸ்டோனில் ஓட்டினால் லம்டா 1.08க்குப் போய்விடும். காற்று கூடிவிட்டது, பெற்றோல் கூடவில்லை. முழுத் திராட்டிலில் அது பிஸ்டனைத் தின்னும்.

சரி, அப்படியானால் ஸ்பீட்-டென்சிட்டி போட்டால் தீர்ந்ததா? பாதிதான் தீரும். நுவரெலியாவில் முழுத் திராட்டில் கொடுத்தாலும் இன்டேக் அழுத்தம் 81க்கு மேல் ஏறாது. ஈசியு அட்டவணையில் 85, 90, 95, 100 என்று இருக்கும் வரிகளுக்கு எஞ்சின் ஒருமுறைகூடப் போயிருக்காது. அந்தக் கட்டங்களில் இருப்பது ஊகம், அல்லது வாங்கும்போதே இருந்த எண். சில்வர்ஸ்டோனில் முதல் முறை திராட்டிலை மிதித்ததும் எஞ்சின் நேரே அந்த வரிகளுக்குத்தான் போகும். இக்னிஷன் அட்டவணைக்கும் இதே கதை. மெல்லிய காற்றில் நொக்கிங், அதாவது கலவை தாறுமாறாக எரிந்து தட்டுவது, எளிதில் வராது, ஆகவே அட்வான்ஸை, அதாவது ஸ்பார்க்கை முன்கூட்டியே விடும் அளவை, கூட்டிக்கொண்டே போவீர்கள், கீழே போனதும் தட்டும்.

ஆகவே வேலையை இப்படிப் பிரியுங்கள். ஸ்டார்ட்டிங், ஐடில், கியர் மாற்றம், வயரிங் கோளாறு, பாதித் திராட்டில் வரைக்கும் மலையில் பாருங்கள். முழுத் திராட்டில் டியூனிங்கைக் கொழும்புப் பக்கத்தில் டைனோ எடுத்துச் செய்யுங்கள். டைனோ நேரத்தை இரண்டு தனி நாட்களாகப் பதிவு செய்யுங்கள், நடுவில் ஒரு வாரம் விட்டு. முதல் நாளில் ஏதாவது உடையும்.

டைனோ திரையில் வரும் குதிரைவலு பெரும்பாலும் எஸ்ஏஇ திருத்தம் செய்த எண். வெப்பத்தையும் அழுத்தத்தையும் ஒரே நிலைக்குக் கொண்டுவந்து காட்டுவது. அனுசரணையாளருக்குக் காட்ட அது சரி. நீங்கள் பார்க்க வேண்டியது லம்டா எண்ணையும் திருத்தாத வலுவையும்.

பெற்றோல் 95 மட்டும். 12க்கு 1 என்ற கம்ப்ரஷன் உள்ள எஞ்சினில் 92 ஊற்றி டியூன் செய்வது வீண். நுவரெலியாவில் 92லும் தட்டாமல் ஓடும், அதைப் பார்த்து ஏமாற வேண்டாம். காரணம் மேலே சொன்ன அதே மெல்லிய காற்று.

வெப்பமும் ஏமாற்றும். காலைக் குளிரில் ரேடியேட்டர் போதும் போலத் தெரியும். போட்டியில் நீள் ஓட்டம் 22 கிலோமீற்றர். நடுவில் நிறுத்தி, ஓட்டுநர் மாறி, சூடான எஞ்சினைத் திரும்ப ஸ்டார்ட் செய்ய வேண்டும். நிறைய அணிகள் வெளியேறுவது அந்த இடத்தில்தான். கொழும்பு வெயிலில் இருபது நிமிடம் ஓட்டி, நிறுத்தி, மூன்று நிமிடம் கழித்து ஸ்டார்ட் செய்து பழகுங்கள். ஒரு தடவை அல்ல, சலிக்கும் வரை.

9. சத்தமும் ஓட்டிப் பார்க்க இடமும்

எக்ஸோஸ்ட் வாயிலிருந்து அரை மீற்றர் தூரத்தில், 45 பாகை கோணத்தில் மைக் வைத்து அளப்பார்கள். ஐடிலில் 103 டெசிபெல், சோதனைச் சுற்றில் 110. சோதனைச் சுற்று எஞ்சினுக்கு எஞ்சின் மாறும். பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு 15.25 மீற்றர் ஆகும் சுற்று அது. 42.5 மில்லிமீற்றர் ஸ்ட்ரோக் உள்ள 600க்கு 11,000 வாக்கில், 60 மில்லிமீற்றர் உள்ள 390க்கு 7,500 வாக்கில். சைலன்சருக்குள் அடைக்கும் பஞ்சைக் கூடுதலாகக் கொண்டுபோங்கள். செயின் மறைப்புத் தகடு இரும்பு, செயினைப் போல் மூன்று மடங்கு அகலம். 3 மில்லிமீற்றர் தகடு கண்டியில் கிடைக்கும், அதையே போடுங்கள்.

ஓட்டிப் பார்க்க இடம் தேடும்போது நாட்காட்டியைப் பாருங்கள். ஏப்ரலில் நுவரெலியா சீசன். அறை வாடகை ஏறும், பாதையெல்லாம் வாகனம். மே முதல் செப்டம்பர் வரை தென்மேல் பருவமழை ஹட்டன், நுவரெலியாப் பக்கத்தை விடாது. அந்தக் காலத்தில் ஊவா பக்கம், தியத்தலாவை, பண்டாரவளை காய்ந்து கிடக்கும். தோட்ட ஃபெக்டரி முற்றமோ மைதானமோ கேட்பதானால் தோட்டத் துரைக்கு விரிவுரையாளரின் கடிதத்தோடு போங்கள். லயத்து மக்களிடமும் முதல்நாள் சொல்லுங்கள். ஓ.எல்., ஏ.எல். பரீட்சைக் காலத்தில் கேட்கவே கேட்காதீர்கள்.

கைக்காசு இருந்தால் ஜனவரியில் கோயம்புத்தூர் காரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடக்கும் ஃபார்முலா பாரத் போட்டியைப் பார்வையாளராகப் போய்ப் பாருங்கள். தமிழிலேயே கேள்வி கேட்டுப் பரிசோதனை வரிசையில் என்ன நடக்கிறது என்று பார்ப்பது, விதிப் புத்தகத்தைப் பத்துத் தடவை படிப்பதற்கு மேல்.

10. ஏற்றுவதும் திரும்பக் கொண்டுவருவதும்

போட்டிக்குப் போய்த் திரும்பி வரும் சாமானுக்கு ஏடிஏ கார்னே எடுங்கள்; தற்காலிகமாக வெளிநாடு போகும் சாமானுக்குத் தீர்வை கட்டாமல் எல்லை கடக்க உதவும் சுங்க ஆவணம் அது. இலங்கையில் சர்வதேச வர்த்தக சம்மேளனத்தின் கிளையான ஐசிசி ஸ்ரீலங்கா இதைத் தருகிறது. ஒரு வருடம் செல்லும். சாமானின் பெறுமதியை வைத்து உத்தரவாதம் கேட்பார்கள். அந்தக் காசு மாதக்கணக்கில் முடங்கும் என்பதை அணியின் பொருளாளருக்கு முன்பே சொல்லிவிடுங்கள். பட்டியலில் காரும் எஞ்சினும் தனி வரியில், எஞ்சின் எண்ணோடு இருக்க வேண்டும். மேலதிக எஞ்சின் ஒன்று கொண்டுபோனால் அதன் எண்ணும். மூன்றாவது படியில் சேர்த்த கோப்பு இங்கேதான் வேலை செய்யும். ஒயில், பெற்றோல், கிளீனர் போன்று தீர்ந்துபோகும் பொருட்கள் கார்னேயில் வராது. அங்கேயே வாங்குங்கள்.

விமானத்திலோ கப்பலிலோ, பெற்றோல் தொட்டியும் குழாய்களும் முழுவதும் வடிந்திருக்க வேண்டும். வடித்ததற்கு ஒரு கடிதம் முகவர் கேட்பார். லித்தியம் பற்றரிக்குத் தனி விதி; சாதாரண லெட் பற்றரியை அங்கே வாங்கிப் பூட்டும்படி காரை வடிவமைத்தால் தலைவலி ஒன்று குறையும். கப்பல் மலிவு, ஆனால் செங்கடல் வழி தடைபடும் காலத்தில் கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போகின்றன. ஜூலைப் போட்டிக்கு ஏப்ரல் கடைசியில் பெட்டி துறைமுகத்தில் இருக்கட்டும். ஆட்களுக்கு விசா, விசா நிலையத்தில் கைரேகை கொடுக்கும் நாளிலிருந்து பொதுவாக மூன்று வாரம். போட்டி நிர்வாகத்தின் அழைப்புக் கடிதத்தில் உள்ள பெயரும் கடவுச்சீட்டுப் பெயரும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். நம் பெயர்களில் தகப்பன் பெயர் முன்னா பின்னா என்பதிலேயே நிறையப் பேர் மாட்டுகிறார்கள்.

எல்லையைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் கார்னேயில் முத்திரை விழ வேண்டும்: இலங்கையை விட்டுப் போகும்போது, இங்கிலாந்துக்குள் நுழையும்போது, அங்கிருந்து கிளம்பும்போது, திரும்பி வரும்போது. எஞ்சின் அங்கே வெடித்துப் போனாலும் அதை அங்கேயே குப்பையில் போட்டுவிட்டு வராதீர்கள். பட்டியலில் உள்ள எண் திரும்பி வராவிட்டால் அது அங்கே விற்கப்பட்டதாகக் கருதி வரி கேட்பார்கள். உடைந்த கிராங்க் கேஸையும் எண் தெரியும்படி பெட்டியில் போட்டுக்கொண்டு வாருங்கள். கொழும்பில் கடைசி முத்திரை வாங்கிய கார்னேயை அந்த வாரமே திருப்பிக் கொடுத்து, உத்தரவாதக் காசை விடுவிக்கும் கடிதத்தைக் கையோடு கேட்டு வாங்குங்கள்.